தொழிற்சங்கத் தேர்தலில் பிரசாரத் தகராறுகளும் தீர்வு முறைகளும்: அமெரிக்க அனுபவம்

தொழிற்சங்க நிர்வாகிகள் தேர்தலில் எழும் பிரசாரத் தகராறுகளுக்கு வேர், போட்டியிடும் இருவரின் கைவசம் உள்ளவை சமமாக இல்லாததுதான். பதவியில் இருப்பவரிடம் உறுப்பினர்களின் முகவரிப் பட்டியல் இருக்கிறது. வீடு தேடிப் போகும் சங்க இதழ் இருக்கிறது. சங்கச் சம்பளத்தில் ஊர் ஊராகப் போய்வரும் முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். எதிர்த்து நிற்பவரோ ஷிப்ட் முடிந்த கையோடு, சொந்தக் காசில் அச்சடித்த நோட்டீசைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கு ஓட வேண்டியவர். பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியை எதிர்ப்பவருக்குப் பின்னால் ஒரு கட்சியும் பத்திரிகையும் நிற்கும். சங்கத்துக்குள் அப்படி நிரந்தரமான எதிர்க்கட்சி எதுவும் இருப்பதில்லை. அமெரிக்க அச்சுக்கோப்பாளர் சங்கத்தில் இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆட்சிக்கு வந்தது அபூர்வமான விலக்கு. அந்த விலக்கு எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஆராய்ந்து லிப்செட், ட்ரோ, கோல்மன் என்ற மூன்று சமூகவியலாளர்கள் 1956இல் ஒரு முழு நூலே எழுதினார்கள்.

ஓர் ஆலையில் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளர்கள் வாக்களிக்கும் அங்கீகாரத் தேர்தல் வேறு. அதில் தகராறு முதலாளிக்கும் சங்கத்துக்கும் இடையே எழுகிறது. அதை விசாரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இருக்கிறது. இங்கே எடுத்துக்கொண்ட பொருள் சங்கத்தின் உள்தேர்தல். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு உறுப்பினர்களே தங்களுக்குள் நடத்தும் போட்டியில், பிரசாரம் பற்றிய புகாரை யார், எப்போது, எந்த அளவுகோலால் தீர்ப்பது என்பது கேள்வி. இதற்கு மிக விரிவாக எழுதப்பட்ட சட்டமும், அந்தச் சட்டம் கைவிட்ட இடங்களின் பதிவும் அமெரிக்காவில் ஒருசேரக் கிடைக்கின்றன.

1959ஆம் ஆண்டுச் சட்டம்

1957 முதல் செனட்டர் ஜான் மெக்லெல்லன் தலைமையில் ஒரு செனட் குழு சங்கங்களின் ஊழலை விசாரித்தது. அதன் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி. அந்த விசாரணையிலிருந்து பிறந்தது, 1959 செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம். உள்ளூர்ச் சங்கத்தில் 3 ஆண்டுக்கு ஒருமுறை, இடைநிலை அமைப்பில் 4 ஆண்டுக்கு ஒருமுறை, தேசிய அளவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அது விதித்தது. உறுப்பினர்கள் நேரடியாக வாக்களிக்கும் இடங்களில் அது ரகசிய வாக்கெடுப்பாகவே இருக்க வேண்டும். பிரசாரத்தைப் பொறுத்தவரை அது இரண்டு காரியம் செய்தது: வேட்பாளரின் குரல் உறுப்பினரை எட்ட வழி திறந்தது, சங்கப் பணமும் முதலாளி பணமும் பிரசாரத்துக்குள் வர வழி அடைத்தது.

வேட்பாளர் ஒருவர் தன் துண்டறிக்கையை உறுப்பினர்களுக்கு அனுப்பித் தரும்படி கேட்டால், அது நியாயமான வேண்டுகோளாக இருக்கும்வரை சங்கம் நிறைவேற்றியே தீர வேண்டும். செலவு வேட்பாளருடையது. நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்தால் சட்டத்தின் மனப்போக்கு புரியும். வேட்பாளர் துண்டறிக்கையை மடித்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி ஒப்படைக்கிறார். சங்கமோ, சங்கம் அமர்த்திய அஞ்சல் நிறுவனமோ உறைமேல் முகவரிச் சீட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கிறது. முகவரிகள் வேட்பாளர் கைக்கு வருவதே இல்லை. உறைக்குள் இருப்பது சங்க அலுவலகத்தின் கண்ணில் படுவதும் இல்லை. முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்று சங்கம் நிபந்தனை போட முடியாது. அதில் வசவு இருந்தாலும், பொய் இருப்பதாக நிர்வாகிகள் கருதினாலும் ஒரு வரியை நீக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பது தொழிலாளர் துறையின் விதி. பொய்யை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை இந்த ஏற்பாடு யாருக்கும் கொடுக்கவில்லை. பதில் சொல்லும் வாய்ப்பை மற்றவருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பிரசார வாசகங்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம் எந்த நல்ல நோக்கத்தோடு கொடுக்கப்பட்டாலும் கடைசியில் பதவியில் இருப்பவர் கைக்கே போய்ச் சேரும். ஆகவே இந்தத் தேர்வு சரியானது.

பட்டியலைப் பார்வையிடும் உரிமை இதைவிடக் குறுகியது. சங்க உறுப்பினராக இருப்பதே வேலைக்கு நிபந்தனை என்று ஒப்பந்தம் உள்ள இடங்களில், அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட உறுப்பினர்களின் பெயர், முகவரிப் பட்டியலை வேட்பாளர் தேர்தலுக்கு முந்தைய 30 நாளுக்குள் ஒருமுறை பார்க்கலாம். தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நகல் எடுக்க முடியாது. பல்லாயிரம் பெயர்களை ஓர் அறையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டு எழுந்துவரும் உரிமையால் ஒரு தொழிலாளிக்கு அதிகம் பயன் இல்லை. ஆனால் ஒரு வேட்பாளருக்கு நகல் கொடுத்துவிட்டு மற்றவருக்கு மறுப்பது பாரபட்சம்; தகராறு வரும்போது சட்டம் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

பணம் பற்றிய தடை மிகக் கண்டிப்பானது. சந்தாவாகவோ வரியாகவோ சங்கத்துக்கு வந்த பணத்தில் ஒரு காசும் எந்த வேட்பாளருக்கும் போகக் கூடாது. பணம் என்பதில் சங்க அலுவலகத்துத் தாள், ஜெராக்ஸ் இயந்திரம், தபால்தலை, வாகனம், ஊழியரின் வேலைநேரம் எல்லாம் அடக்கம். முதலாளி பணத்துக்கும் இதே தடை உண்டு. அந்தச் சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத முதலாளியும் இதில் வருவார். உறவினர் ஒருவர் நாலு பேரை வேலைக்கு வைத்து அச்சகம் நடத்தி, வேட்பாளருக்கு நோட்டீசைச் சலுகை விலையில் அடித்துக் கொடுத்தால் அதுவும் மீறல். உள்ளூர்ச் சங்கங்களில் வெள்ளை மனதோடு செய்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வகை மீறல்தான். நிர்வாகிகள் உறுப்பினர்களுமாக இருப்பதால் தங்களுக்காகவோ பிறருக்காகவோ பிரசாரம் செய்யலாம். சங்கம் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் செய்யக் கூடாது. ஒரு கிளை அலுவலர் வேலை நிமித்தம் ஆலைக்குப் போன இடத்தில் கைகுலுக்கி ஒரு வார்த்தை சொல்வது தற்செயல். அன்றைக்கு அவர் ஆலைக்குப் போனதே அதற்காகத்தானா என்பதில்தான் வழக்கு கிளம்பும்.

இரண்டு வாசல்கள்

புகாருக்குப் போகும் வழி வாக்குப்பதிவுக்கு முன்பு ஒன்று, பின்பு வேறொன்று. துண்டறிக்கை அனுப்ப மறுத்தாலோ பட்டியலில் பாரபட்சம் காட்டினாலோ வேட்பாளர் தேர்தலுக்கு முன்பே கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடலாம். தேர்தல் முடிந்துவிட்டால் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. முதலில் சங்கத்துக்குள்ளேயே முறையிட வேண்டும். அங்கே இறுதி முடிவு கிடைத்தாலோ, 3 மாதம் ஆகியும் கிடைக்காவிட்டாலோ, அடுத்த ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் துறைச் செயலரிடம் புகார் கொடுக்கலாம். அவர் விசாரித்து, முகாந்திரம் இருந்தால் 60 நாளுக்குள் வழக்குத் தொடுக்கிறார். தொடுப்பவர் அரசு, உறுப்பினர் அல்ல. தீர்ப்பு வரும்வரை நடந்த தேர்தல் செல்லும் என்றே கொள்ளப்படும். வென்றவர் நாற்காலியில் இருப்பார்.

தேர்தலை ரத்து செய்ய மீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அது முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்பதும் தெரிய வேண்டும். பாதித்தது என்று நிரூபிப்பது ரகசிய வாக்கெடுப்பில் யாராலும் ஆகாத காரியம். இதை உணர்ந்த உச்ச நீதிமன்றம் 1968இல், ஓட்டல் ஊழியர்களின் ஆறாம் எண் கிளை பற்றிய வழக்கில், மீறல் நிரூபணமானாலே பாதிப்பு இருந்திருக்கும் என்று முதல்பார்வையில் கொள்ளலாம், இல்லை என்று காட்டும் பொறுப்பு சங்கத்துடையது என்று தீர்ப்பளித்தது. மீறல்காரரிடம் சுமையை மாற்றிய அந்த ஒரு தீர்ப்பு இல்லாவிட்டால் பிரசாரப் புகார் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றிருக்கும்.

நிலக்கரிச் சுரங்கம், 1969

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை காலதாமதம். அது எத்தனை கொடிய விலை கேட்கும் என்பதை ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தேர்தல் காட்டியது. 1969 மே மாதம் ஜோசப் யப்லான்ஸ்கி, தலைவர் டோனி பாய்லை எதிர்த்துப் போட்டியிடுவதாக அறிவித்தார். சில நாளில் சங்கத்தில் அவர் வகித்த ஒரு பொறுப்பு பறிக்கப்பட்டது. அவருடைய வழக்கறிஞர் ஜோசப் ரௌ நீதிமன்றத்துக்குப் போய் அதை மீட்டார். துண்டறிக்கை அனுப்ப மறுத்தார்கள். அதற்கும் வழக்கு, அதற்கும் உத்தரவு. சங்க இதழில் பக்கத்துக்குப் பக்கம் பாய்லின் புகழ் வந்துகொண்டிருந்தது. எதிர்வேட்பாளர் ஒருவர் இருப்பதே அதில் தெரியவில்லை. இதழ் பாய்லின் பிரசாரக் கருவியாகவே நடத்தப்படுகிறது என்று நீதிமன்றம் கண்டு, அதை நிறுத்தச் சொன்னது. இதற்கிடையே ஜூன் மாதம் ஓய்வூதிய நிதியின் அறங்காவலராக வந்த பாய்ல், மாத ஓய்வூதியத்தை 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்த்தியிருந்தார். அந்தச் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கும் வாக்கு உண்டு.

ரௌ வழக்குகளில் வென்றுகொண்டேயிருந்தார்; ஆனால் ஒவ்வொரு வெற்றியும் ஒரு தடையை மட்டுமே நீக்கியது. தேர்தல் முழுவதையும் கண்காணிக்க வல்லது தொழிலாளர் துறைதான். அதை அவர் தேர்தலுக்கு முன்பே தலையிடும்படி திரும்பத் திரும்பக் கேட்டார். வாக்குப்பதிவுக்கு முன் விசாரிப்பதில்லை என்ற வழக்கத்தைக் காட்டிச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் மறுத்தார். டிசம்பர் 9ஆம் தேதி ஏறக்குறைய 80,500 வாக்கு பெற்றுப் பாய்ல் வென்றார். யப்லான்ஸ்கிக்குக் கிடைத்தவை சுமார் 46,000. டிசம்பர் 31ஆம் தேதி இரவு பென்சில்வேனியாவின் கிளார்க்ஸ்வில்லில் யப்லான்ஸ்கியும் மனைவியும் மகளும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூலிப்படைக்குப் போன 20,000 டாலர் சங்கத்தின் கஜானாவிலிருந்து எடுக்கப்பட்டது. பாய்ல் பின்னாளில் இந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்று, தண்டனைக் காலத்திலேயே 1985இல் இறந்தார்.

கொலைக்குப் பிறகுதான் துறை களத்தில் இறங்கியது. 1970 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வில்லியம் பிரையன்ட் 1972 மே 1ஆம் தேதி தேர்தலை ரத்து செய்தார். இதழைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதும் சங்கப் பணம் பாய்ல் தரப்புக்குப் போனதும் ரத்துக்கான காரணங்களில் முக்கியமானவை. அந்த ஆண்டு டிசம்பரில் துறையின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் ஆர்னால்ட் மில்லர் 70,373க்கு 56,334 என்ற கணக்கில் பாய்லைத் தோற்கடித்தார். 5 ஆண்டுப் பதவியில் 3 ஆண்டை முறைகேடாக வென்றவர் அனுபவித்துவிட்டார். சமமான களம் கிடைத்ததும் அதே தொழிலாளர்கள் வேறு முடிவைச் சொன்னார்கள் என்பது இந்த வரலாற்றில் அழுத்தமாகக் குறிக்க வேண்டியது.

இதே சுரங்கச் சங்க வழக்கில்தான், அரசு தொடுத்த வழக்கிலும் புகார் கொடுத்த உறுப்பினர் தன்னை இணைத்துக்கொண்டு வாதாடலாம் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துறை வழக்குத் தொடுக்க மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 1975இல் பச்சோவ்ஸ்கி வழக்கில் உறுதியாயிற்று. தேர்தலுக்கு முந்தைய வாசல் எவ்வளவு அகலம் என்பதற்கு 1984இல் எல்லை கட்டப்பட்டது. பாஸ்டன் நகர் தளவாடச் சுமைத் தொழிலாளர் கிளையில், சந்தா ரசீது காட்டாதவர்களை வேட்புமனுக் கூட்டத்துக்குள் விடவில்லை. வழக்கு வந்தபோது தபால் வாக்குச்சீட்டுகள் உறுப்பினர் கைக்குப் போய்விட்டிருந்தன. அந்தக் கட்டத்தில் தேர்தலை நிறுத்திப் புதிய தேர்தலுக்கு உத்தரவிடத் தனிநபர் வழக்கில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, துறையிடம்தான் போக வேண்டும் என்பது தீர்ப்பு. சங்கங்களின் விவகாரத்தில் நீதிமன்றம் அளவோடு தலையிட வேண்டும் என்ற அக்கறை மதிக்கத்தக்கதே. ஆனாலும் 1969இன் அனுபவத்துக்குப் பிறகு இந்த எல்லையைச் சற்றே தள்ளிப் போட்டிருக்கலாம்.

1991இல் கப்பல் அதிகாரிகள் சங்க வழக்கு வேட்பாளருக்குச் சாதகமாகத் திரும்பியது. வேட்புமனு மாநாடு முடிவதற்கு முன் எவருடைய துண்டறிக்கையையும் அனுப்புவதில்லை என்பது அந்தச் சங்கத்தின் விதி. அந்த விதி நியாயமானது என்பது அவர்கள் வாதம். விதி நியாயமா என்று பார்க்க வேண்டியதில்லை, வேட்பாளர் கேட்டது நியாயமா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சங்கத்துக்கு மிகையான சிரமம் தராமல், பிற வேட்பாளருக்குப் பாரபட்சமாகாமல் இருந்தால் கேட்டதைச் செய்ய வேண்டும். கேள்வியைத் தொடங்கும் இடம் மாறியதில் விடையும் மாறிவிட்டது.

டீம்ஸ்டர்ஸ்: இரண்டு வேலைநாள் விதி

தகராறைத் தேர்தல் நடக்கும்போதே தீர்க்க முடியும் என்று காட்டியது லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் அடங்கிய டீம்ஸ்டர்ஸ் சங்கம். குற்றக் கும்பல்களின் பிடியில் இருப்பதாக 1988இல் அரசு அதன்மேல் வழக்குப் போட்டது. 1989 மார்ச்சில் சமரச ஆணை பிறந்தது. தலைமைப் பதவிகளுக்கு உறுப்பினர்கள் நேரடியாக, ரகசியமாக வாக்களிப்பார்கள். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சங்கத்தைச் சாராத தேர்தல் அதிகாரி அதை நடத்துவார் என்று முடிவாயிற்று.

இந்தத் தேர்தலுக்கென்று எழுதப்பட்ட விதிகளில் உயிரான பகுதி புகார் நடைமுறை. மீறல் தெரியவந்த 2 வேலைநாளுக்குள் புகார் வந்து சேர வேண்டும். தேர்தல் அதிகாரி விசாரித்து எழுத்தில் முடிவு தருகிறார். ஏற்காதவர் அடுத்த 2 வேலைநாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கெடு இவ்வளவு குறுகலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புகாரைப் பையில் வைத்துக்கொண்டு, தோற்றால் எடுத்து வீசலாம் என்று காத்திருப்பவருக்கு அது இடம் கொடுப்பதில்லை. பரிகாரமும் உடனுக்குடன் கிடைக்கிறது: அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லும் உத்தரவு, தவறாகச் செலவான சங்கப் பணத்தைத் திருப்பிக் கட்டுதல், ஒரு தரப்புக்குச் சங்கச் செலவில் கடிதம் போயிருந்தால் மறுதரப்புக்கும் அதே அளவு அஞ்சல். வாக்களிப்பவர் முடிவெடுப்பதற்கு முன்பே சமன் செய்துவிடுவதால், முடிவைப் பாதித்ததா என்ற விடைகாண முடியாத ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் அவசியம் வருவதில்லை.

இதழ் பற்றிய தகராறுக்கு மூன்று உரைகல் வைத்தார்கள்: தொனி, உள்ளடக்கம், வெளிவந்த நேரம். தலைவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தி செய்திதான். அதே ஆளின் படம் எட்டுப் பக்கத்தில், வாக்குச்சீட்டு தபாலில் போகும் வாரத்தில் வந்தால் அதன் பெயர் வேறு. செய்தியைத் தடுப்பதோடு நிற்காமல், வேட்பாளர்கள் தங்கள் பிரசாரத்தை அச்சிட இதழிலேயே சரிசமமாகப் பக்கம் ஒதுக்கினார்கள்.

வண்டி நிறுத்துமிடம் பற்றிய விதி இன்னும் துணிச்சலானது. டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கான பணிமனைகளில் சிதறிக் கிடப்பவர்கள். விடியற்காலை வந்து லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களை எதிர்வேட்பாளர் எங்கே பிடிப்பது? வேலைக்கு வருகிறவர்கள் சொந்த வண்டியை நிறுத்தும் இடத்தில், அந்த நிறுவனத்தில் வேலை செய்யாத வேட்பாளரும் உறுப்பினரும் வந்து நோட்டீஸ் கொடுக்கலாம், பேசலாம் என்று விதி சொன்னது. நோட்டீஸ் கொடுப்பவரும் வாங்குபவரும் வேலை நேரத்தில் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தங்கள் நிலத்தில் அந்நியரை விட மாட்டோம் என்று சில நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. காவலாளி வெளியே போகச் சொன்னார் என்ற புகார்கள் இத்தேர்தல்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஷிப்ட் மாறும் கால்மணி நேரத்தைத் தவறவிட்ட வேட்பாளருக்கு அன்றைய பொழுது போனதுதான். அங்கே வேகமான முடிவின் அருமை தெரியும்.

1991இல் இந்த விதிகளின்கீழ் ரான் கேரி வென்றார். 1996இல் ஜேம்ஸ் பி. ஹோஃபாவை எதிர்த்துச் சுமார் 16,000 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். வாசலில் நடப்பதை உடனே தீர்த்த அதே ஏற்பாடு, கஜானாவில் நடந்ததை உடனே பிடிக்க முடியாமல் போனது இந்தத் தேர்தலில்தான். சங்கப் பணம் வெளி அமைப்புகளுக்கு அரசியல் நன்கொடையாகப் போயிற்று. பதிலுக்கு அந்த வட்டாரங்களிலிருந்து கேரியின் பிரசார நிதிக்குப் பணம் வந்தது. அது கடைசி வாரங்களின் தபால் பிரசாரத்துக்குச் செலவாயிற்று. வேட்பாளர்கள் தாக்கல் செய்த கணக்கில் ஒரு நன்கொடையின் அளவு உறுத்தவே, எதிர்த்தரப்பு தோண்டத் தொடங்கியது. தேர்தல் அதிகாரி பார்பரா ஸாக் குவின்டெல் 1997 ஆகஸ்டில் முடிவுக்குச் சான்றளிக்க மறுத்து மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். யு.பி.எஸ். நிறுவனத்துக்கு எதிரான 15 நாள் வேலைநிறுத்தத்தில் கேரி பெரும் வெற்றி பெற்றுச் சில நாளே ஆகியிருந்தது. நவம்பரில், இந்த விவகாரத்தை விசாரித்த முன்னாள் நீதிபதி கென்னத் கான்பாய் கேரியைப் போட்டியிலிருந்தே விலக்கினார். ஹோஃபா தரப்பிலும் நிதி மீறல் கண்டு அபராதம் போட்டார்கள். போட்டியிடத் தடை விதிக்கவில்லை. 1998இல் ஹோஃபா, டாம் லீடமைத் தோற்கடித்தார். கேரி தமக்கு விவரம் தெரியாது என்றே கடைசிவரை சொன்னார். பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டிலிருந்து 2001இல் விடுதலையானார். பேச்சுத் தகராறை உடனுக்குடன் தீர்க்கலாம். பணத் தகராறுக்குக் கணக்குப் புத்தகமும், அதைத் தேர்தலுக்கு முன்பே எதிர்த்தரப்பின் கண்ணில் காட்டும் கட்டாயமும் வேண்டும்.

வெளியார் பணம், பழிவாங்கல், மின்னஞ்சல்

பணத்தை அடைப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 1977இல் எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்ற எட் சட்லோவ்ஸ்கி, சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களிடம் கணிசமாக நிதி திரட்டியிருந்தார். அடுத்த ஆண்டு சங்க மாநாடு வெளியார் நன்கொடைக்குத் தடை போட்டது. சங்கம் வெளியார் கைக்குப் போகாமல் காப்பது நியாயமான நோக்கம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடையை ஏற்றது. சங்க ஊழியர்களின் ஆதரவு இயல்பாகவே பதவியில் இருப்பவர் பக்கம் சாயும். வெளியாரிடம் கையேந்துவதையும் அடைத்துவிட்டால் எதிர்ப்பவருக்கு மிஞ்சுவது சக தொழிலாளியின் சட்டைப்பை மட்டும். சிறுபான்மை நீதிபதிகளின் இந்தக் கவலையில் வலு அதிகம்.

பிரசாரம் செய்ததற்காகத் தேர்தலுக்குப் பிறகு வரும் பழிவாங்கல் இன்னொரு வகை. நியமனப் பதவியில் இருந்துகொண்டு தோற்றவரை ஆதரித்தவர்களைப் புதிய தலைவர் நீக்கலாம் என்றது 1982இல் ஓஹையோவின் டீம்ஸ்டர்ஸ் கிளை வழக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட அலுவலரைப் பேச்சுக்காக நீக்க முடியாது என்றது 1989இல் தகடு வேலைத் தொழிலாளர் சங்க வழக்கு. வாக்களித்து அனுப்பியவர்களின் உரிமையும் அவரோடு சேர்ந்து போய்விடும் என்பதால் இந்த வேறுபாடு.

ஊழல் வழக்குக்குப் பிறகு 2021இல் நீதிமன்றக் கண்காணிப்பாளரின்கீழ் வந்த மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் 2022இல் முதல்முறையாக நேரடித் தேர்தல் நடத்தியது. முதல் சுற்றில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் அனுப்பப்பட்டு, 1 லட்சத்துக்குச் சற்று மேல்தான் திரும்பி வந்தன. பழைய முகவரிகளும் போதாத அறிவிப்புமே காரணம் என்று வேட்பாளர் வில் லேமன் புகார் எழுப்பினார். 2023 மார்ச்சில் முடிந்த இரண்டாம் சுற்றில் ஷான் ஃபெயின், ரே கர்ரியை 483 வாக்கில் வென்றார். வித்தியாசம் இத்தனை சிறியதாக இருக்கும்போது ஒரு கிளையில் அனுப்பாமல் விட்ட ஒரு கட்டு உறையும் வழக்காக முடியும். இன்று தகராறுகள் மின்னஞ்சல் பட்டியலையும் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தையும் சுற்றி எழுகின்றன. சங்கத்திடம் மின்னஞ்சல் பட்டியல் இருந்தால் வேட்பாளரின் செய்தியை அதன்வழி அனுப்பித் தருவதும் பழைய துண்டறிக்கைக் கடமையில் சேரும் என்று தொழிலாளர் துறை விளக்கம் தருகிறது. சங்கப் பக்கத்தை நடத்தும் ஊழியர் அதில் தலைவரின் தேர்தல் படத்தைப் பகிர்ந்தால் அது சங்கச் செலவில் நடந்த பிரசாரம். தன் சொந்தப் பக்கத்தில், சொந்த நேரத்தில் பகிர்ந்தால் உறுப்பினரின் உரிமை.